விவாதத்தின் கடைசிப் பத்தி

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் துறைப் பேராசிரியர் தேவசகாயம் சார் காலையில் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு நல்ல சேதி இருக்கிறது உலகம்மா என்றார். பிறத்தியாருக்கு நல்ல சேதி வரும்போதெல்லாம் அதை முதலில் கேட்கும் பாக்கியம் எனக்குத்தான்.

வயல்களில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி வெளிநாட்டு ஜர்னல் ஒன்று சிறப்பிதழ் கொண்டுவருகிறதாம். சாரிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. நான் உடனே என் நத்தைகளை நினைத்தேன். ஆறு வருஷம் சேற்று வயல்களில் குனிந்து பொறுக்கிய நத்தைகள். அந்தக் கட்டுரை இரண்டு இடங்களுக்குப் போய்த் திரும்பி வந்து என் மேஜைக்குள் கிடக்கிறது.

சார் சொன்னார்: "நம்ம செண்பகவடிவோட வண்டுக் கட்டுரைய அனுப்பிரலாம்னு இருக்கேன். எழுத்து கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். நீதாம்மா ஒழுங்கு பண்ணிக் குடுக்கணும். உன் கை பட்டா அது தனி."

என் கட்டுரை வேண்டாம், என் கை மட்டும் வேண்டும். சரி சார் என்றேன். முகத்தில் சிரிப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது. பாப்பாவின் பள்ளிக்கூட ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம்.

ஜூன் 5, வியாழன்

செண்பகவடிவு நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்தவள். அவள் வந்த அன்று பூச்சிவலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவள் நான். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. இதே துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பெயரில்தான் கௌரவம். நிரந்தர வேலைக்கு நேர்காணல் என்று வந்தால் முதல் கேள்வி, நல்ல ஜர்னலில் கட்டுரை உண்டா என்பதுதான். எனக்கு இல்லை.

அவளுக்கும் அவசரம் இருக்கிறது. அவளுடைய பதிவுக்காலம் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். தவறினால் நான்கு வருஷமும் போச்சு. இதையும் சார்தான் சொன்னார், அவளுக்கு மட்டும்தான் வயிறும் வாயும் இருப்பதுபோல.

இன்று அவள் எழுதியதைப் படித்தேன். செய்முறையில் முடிவுகள் கிடக்கின்றன. முடிவுகளில் விவாதம். அறிமுகத்தில் சாணி வண்டின் பெருமையை இரண்டு பக்கத்துக்குப் பாடியிருக்கிறாள். மேற்கோள் பட்டியலில் ஒரே ஆள் மூன்று விதமாக வருகிறார். சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும், இவளுடையது அறுநூறைத் தொடுகிறது. இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

ஜூன் 6, வெள்ளி

நாலாவது அட்டவணையை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

உண்மையை எழுதிவிடுகிறேன், இது என் டைரிதானே. அவளுடைய தரவு அபாரமானது. அறுப்பு முடிந்த வயலில் கோடையில் ஆட்டுமந்தையை இரவு முழுக்க அடைத்து வைப்பார்கள், அதற்குக் கிடை போடுவது என்று பெயர். ஆடுகள் போடும் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எரு. இது ஊர் அறிந்த சங்கதி. ஆனால் அந்தப் புழுக்கையைத் தேடி வரும் சாணி வண்டுகள் மண்ணை எவ்வளவு ஆழத்துக்குத் துளைக்கின்றன, மழை பெய்தால் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்று இங்கே யாரும் அளந்ததில்லை. இவள் அளந்திருக்கிறாள். ஒரு கோடை முழுக்க வெயிலில் உட்கார்ந்து அளந்திருக்கிறாள்.

இது எனக்குத் தோன்றாமல் போனதே என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு எப்படித் தோன்றும். அவள் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து புழுக்கைக்கு நடுவில் நடந்தவள். அதிர்ஷ்டம் என்பது இப்படியும் வரும்போலிருக்கிறது.

இன்று இருவரும் உட்கார்ந்து கட்டுரையைப் பிரித்துக் கோத்தோம். எதை ஏன் செய்தாய் என்பது அறிமுகம். எப்படிச் செய்தாய் என்பது செய்முறை, அதைப் படித்து இன்னொருத்தி உன்னைக் கேட்காமலே செய்ய வேண்டும். என்ன கிடைத்தது என்பது முடிவுகள், அதில் உன் அபிப்பிராயம் ஒரு சொல்கூட வரக் கூடாது. அதற்கு என்ன அர்த்தம் என்பது விவாதம். நான் சொல்லச் சொல்ல அவள் தலையைத் தலையை ஆட்டினாள். எத்தனை முறை திட்டினாலும் சரிக்கா, சரிக்கா. கோபித்துக்கொள்ளவாவது செய்யலாம்.

நடுவில் அவள் கொண்டுவந்த அதிரசத்தை எடுத்து நீட்டினாள். அவள் அம்மா செய்ததாம். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டில் அவர் கேட்டார், இப்போதெல்லாம் எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாயே, உன் கட்டுரையை மறுபடி அனுப்பப் போகிறாயா என்று. இல்லை, வடிவுடையது என்றேன். பருப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊரான் பிள்ளைக்கு நீ சடை பின்னுத. உன் தலை பரட்டையா கெடக்கு."

தேவசகாயம் சார் சொல்லும்போது மறுக்க முடியுமா என்றேன். மறுக்க முடியாததால் செய்கிறேனா என்று எனக்கே இப்போது சந்தேகம். அவள் கட்டுரையின் ஒவ்வொரு எண்ணையும் நான் ஏன் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன்? யாரும் கூட்டச் சொல்லவில்லை.

கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஒன்று கிடைத்தது.

கட்டுரைக்கு ஒரு வரைபடம் வேண்டும். ஆய்வு செய்த வயல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுகிற படம். வடிவு கொடுத்தது ஏதோ கைப்பேசியில் எடுத்த தெளிவில்லாத படம். ஜர்னல் அதைத் திருப்பிவிடும். நானே புதிதாக வரைந்தேன். கிடை போட்ட வயல்களுக்குக் கறுப்புப் புள்ளி, போடாத வயல்களுக்கு வெள்ளைப் புள்ளி. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். வைத்து முடித்தபோது கறுப்புப் புள்ளிகள் எல்லாம் குளத்தங்கரையை ஒட்டி நின்றன. வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் மேட்டு நிலத்தில்.

குளத்துப் பக்கம் ஈரம் அதிகம். ஈரமான மண்ணில் வண்டும் அதிகம் துளைக்கும், தண்ணீரும் வேறு மாதிரி இறங்கும். அப்படியென்றால் இவ்வளவும் ஆட்டினால் வந்ததா, ஈரத்தினால் வந்ததா? அவள் போட்டிருக்கும் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நாலு வருஷத்தில் சார் இதைப் பார்க்கவில்லை. ஆய்வுக்குழு இரண்டு முறை கூடி டீ குடித்துப் போனது, அவர்களும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வரும் வழியில் பாப்பாவுக்கு அல்வா வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

வடிவிடம் சொல்லவில்லை. அவளும் பக்கத்து மேஜையில்தான் இருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வின் குறைகளைக் கட்டுரையில் எழுத மாட்டோம். சார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "குறையச் சொல்லி யாராவது பொண்ணு காட்டுவாங்களா? அவன் கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்" என்பார். இங்கிருந்து போன எந்தக் கட்டுரையிலும் அப்படி ஒரு பத்தி கிடையாது. என் நத்தைக் கட்டுரையிலும் இல்லை.

ஆனால் இந்த ஜர்னலின் விதிமுறைகளை வரிவரியாகப் படித்தேன். ஆய்வின் வரம்புகளை ஆசிரியர்கள் விவாதத்தில் தெளிவாகச் சொல்வது நல்லது என்று போட்டிருக்கிறது. நல்லது என்றுதான். கட்டாயம் என்று இல்லை. இருந்தாலும் விதி விதிதானே. நான் ஒழுங்கு பண்ண வந்தவள், விதியை எப்படி மீற முடியும்?

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். முதலாவது, ஆய்வு நடந்தது ஒரே ஒரு கோடையில். மழைக்காலத்து நிலவரம் தெரியாது. இரண்டாவது, கிடை போட்ட வயல்கள் யாவும் குளத்துக்கு அருகில் உள்ளவை, ஆகவே இந்த வித்தியாசம் ஆடுகளால்தான் ஏற்பட்டது என்று உறுதியாகக் கூற இயலாது. மூன்றாவது, சிறிய வண்டு இனங்களை ஒரே ஆள்தான் அடையாளம் கண்டிருக்கிறார், வேறு நிபுணர் சரிபார்க்கவில்லை, அவர் பிழை செய்திருக்க வாய்ப்பு உண்டு.

விவாதத்தின் கடைசிப் பத்தியாக அதைச் சேர்த்தேன். இதுவரை நான் எழுதியதில் இவ்வளவு தெளிவாக வேறெதையும் எழுதியதில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது குறையைப் படித்தபின், கட்டுரையை மதிப்பிடும் எந்த ரிவியூவரும் மேலே படிக்க மாட்டார்.

ஜூன் 23, திங்கள்

முழுக் கட்டுரையையும் அச்சிட்டு வடிவிடம் கொடுத்தேன். சாருக்கும் ஒரு பிரதி. சார் முதல் பக்கத்தில் தன் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று இருக்கிறதா என்று பார்த்தார். ஜர்னலில் அதைப் போட மாட்டார்கள் சார் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு, அனுப்பும்மா என்றார். முடிந்தது.

வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் இருந்தேன். ஒரு விடைத்தாளுக்கு இரண்டு தடவை மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் பார்த்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அந்தப் பத்தியை விரல் வைத்துப் படித்தாள். வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி அந்தப் பத்தி.

பேனாவை எடுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் என்ன சொல்வது என்று பதில்கூட வைத்திருந்தேன், விதிமுறை, ஜர்னல், நேர்மை எல்லாம். ஆனால் அவள் கீழே ஏதோ எழுதிவிட்டுத் தாளை என்னிடம் கொண்டுவந்து தந்தாள்.

நாலாவது குறை. ஆய்வுக்குப் பயன்பட்ட ஆட்டுமந்தை முதல் ஆசிரியரின் தந்தைக்குச் சொந்தமானது. எந்த வயலில் கிடை போடுவது என்று தீர்மானித்தவரும் அவரே. ஆய்வாளர் வயல்களைத் தேர்ந்தெடுக்கவில்லை.

"இத எங்க எழுதன்னு தெரியாம இவ்வளவு நாளும் பயந்துகிட்டே கெடந்தேன்க்கா," என்றாள். "நீங்க இடம் போட்டுத் தந்துட்டீங்க."

சரி, தட்டச்சு செய்துவிடுகிறேன் என்றேன்.

இவள் சூதுவாது அறியாதவளா, இல்லை என்னைவிடப் பெரிய கைகாரியா? எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

அனுப்பியாயிற்று. சாரின் கணக்கில் நுழைந்து நானேதான் அனுப்பினேன். அவருடைய கடவுச்சொல் அவருக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

கட்டுரையை மதிப்பிடத் தகுந்தவர்கள் என்று மூன்று பேரை நாமே சொல்ல வேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. சார் தன் சிநேகிதர்கள் மூன்று பேரைச் சொன்னார். இரண்டு பெயர்களை அப்படியே போட்டேன். மூன்றாவதாக, சாணி வண்டுகளைப் பற்றி முப்பது வருஷமாக எழுதிவரும் ஓர் அம்மாளைப் போட்டேன். மாநாடுகளில் அவர் எழுந்து நின்றாலே மேடையில் இருப்பவர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்று கேள்வி. துறையில் அவரை விடத் தகுதியானவர் யார்? தகுதிக்காகத்தான் போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கட்டுரை மதிப்பீட்டில் இருக்கிறது என்று காட்டுகிறது. இன்றும் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன். வடிவு இவ்வளவு பார்ப்பாளா தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாப்பாவுக்குச் சுதந்திர தினத்துக்குப் பாரதமாதா வேஷம். சேலை கட்டி ஊசி குத்தி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்தது. கட்டுரை நிலவரம் அதேதான்.

ஒரு கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று அறிவித்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் வெளியான கட்டுரைகள் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதிப்பீடு வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை. சிறு திருத்தங்கள் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

மின்னஞ்சலை முதலில் திறந்தது நான்தான். இரண்டு தடவை படித்தேன். ரிவியூவர்களின் பெயர் தெரியாது. ஆனால் முதலாமவரின் மிடுக்கைப் பார்த்தால் அந்த அம்மாளாகத்தான் இருக்க வேண்டும். இப்படி எழுதியிருக்கிறார்: தங்கள் ஆய்வு எங்கே முடிகிறது என்று தெரிந்த ஆசிரியர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. விவாதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு திரும்பப் போய் மற்றதை எல்லாம் நம்பிக்கையோடு படித்தேன். மண்ணின் ஈரத்தையும் அளந்திருக்கிறார்கள் என்று அட்டவணையில் தெரிகிறது. அதையும் சேர்த்து மறுபடி கணக்கிடட்டும். வித்தியாசம் எவ்வளவு எஞ்சுகிறதோ அதை மட்டும் சொல்லட்டும். அது போதும்.

என் பத்தி. நான் எழுதிய வரிகள். அவளுக்கு மாலை.

வடிவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. சார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்து, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். அவர் எதையும் எப்போதும் சொல்லவில்லை. அந்தப் பத்தியை எழுதியது யார் என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் கேட்கவில்லை. வடை ஆறிப்போய்விட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

ஈரத்தையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டோம். கிடையினால் வந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதி நின்றது. அசைக்க முடியாமல் நிற்கிறது. முன்பு இருந்ததைவிட இப்போதுதான் கட்டுரை உறுதியாக இருக்கிறது. குழி பறித்தேன், கிணறாகிவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

வடிவு இன்று சாரின் அறைக்குப் போய், கட்டுரையில் உலகக்கா பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இரண்டாவது ஆசிரியராக. ஆங்கிலம் திருத்துகிறவர்களை எல்லாம் சேர்க்க முடியுமா, கடைசியில் நன்றி சொன்னால் போதாதா என்றாராம் சார். திருத்தவில்லை சார், ஆய்வின் குறைகளை ஆராய்ந்து எழுதியது அக்காதான், ரிவியூவர் பாராட்டியது அந்தப் பத்தியைத்தான் என்று சொல்லி, மாட்டேன் என்றால் தானும் அனுப்பப் போவதில்லை என்று நின்றாளாம். சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டுகிறவள். சார் பயந்துபோய்ச் சம்மதித்துவிட்டார். இதை எல்லாம் சாரே என்னிடம் குறைபட்டுக்கொண்டு சொன்னார்.

மூன்று மாதமாக எனக்கு வேண்டியிருந்தது இதுதானே. நல்ல ஜர்னலில் என் பெயர். நேர்காணலுக்குக் கொண்டுபோகலாம். வீட்டுக்கு வந்து அவரிடம்கூடச் சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ஜர்னலிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். புதிதாகச் சேரும் ஆசிரியர் இந்தக் கட்டுரைக்குத் தன் பங்கு என்ன என்று ஒப்புக்கொண்டு உறுதிசெய்ய வேண்டும். பங்கு என்ற இடத்தில் வடிவு ஏற்கெனவே நிரப்பியிருக்கிறாள்: ஆய்வின் வரம்புகளைக் கண்டறிதல், விவாதத்தின் இறுதிப் பகுதியை எழுதுதல். கீழே ஒரு பொத்தான். எல்லா ஆசிரியர்களும் உறுதிசெய்யும்வரை கட்டுரை அடுத்த படிக்குப் போகாது என்றும் இருந்தது.

வேலை இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நேரம் கிடைக்கவில்லை. சரஸ்வதி பூஜைக்கு ஆய்வகத்தைச் சுத்தம் செய்தோம். கண்ணாடிக் குடுவைகள் எல்லாவற்றையும் நானே கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்தவற்றையும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜர்னலிலிருந்து நினைவூட்டல். இந்த வாரத்துக்குள் உறுதி வராவிட்டால் சிறப்பிதழில் இடம் போய்விடும். பிறகு சாதாரண இதழில், எப்போது என்று சொல்ல முடியாது. எப்போது என்று சொல்ல முடியாது என்றால் டிசம்பருக்குப் பிறகு. அவளால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். மின்னஞ்சல் குப்பைக்குள் போய்விட்டது, பார்க்கவில்லை என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? எல்லோருக்கும் அப்படிப் போகிறதுதான்.

அவர் மீன் வாங்கி வந்தார். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மத்தியானம் ஆய்வகத்தில் நானும் வடிவும் மட்டும். அவள் வண்டுகளை ஊசியில் குத்தி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மின்னஞ்சல் வந்ததா என்று கேட்கவில்லை. காலையிலிருந்தே கேட்கவில்லை. ஜர்னலின் நினைவூட்டல் அவளுக்கும் போயிருக்கும், அப்படியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். கேட்காததுதான் என்னை உலுக்கியது.

"வடிவு, அந்தப் பத்திய நான் உனக்கு நல்லது நெனச்சு எழுதல," என்றேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சின்ன வண்டுகள ஒரே ஆளுதான் பாத்ததுன்னு எழுதியிருந்தீங்கள்லா. அதோட விட்டிருக்கலாம். அந்த ஆளு, அதாவது நான், பிழை செஞ்சிருக்க வாய்ப்பு உண்டுன்னும் எழுதியிருந்தீங்க. அது கோவத்துல வந்த வரி. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது."

காது சுட்டது. "பெறவு ஏன் அத அடிக்கல?"

"உண்மைதானக்கா அது."

அவளே தொடர்ந்து பேசினாள். அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலு வருசமா எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. சாரு கையெழுத்துப் போட்டாக, படிக்கல. கூட உள்ள பிள்ளைக கைதட்டுனாளுக, படிக்கல. எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு நம்பரா, ஒவ்வொரு புள்ளியா பாத்தது நீங்க ஒரு ஆளுதான். என்னைப் பிடிச்சவங்க ஒருத்தரும் அந்தப் படத்த ரெண்டாந்தடவை பாக்கலக்கா."

பிறகு ஊசியை எடுத்து அடுத்த வண்டைக் குத்தினாள். என் மேல் கோபமா என்று கேட்டேன். கோபம் இருந்தது, ரிவியூ வந்த அன்றைக்குப் போய்விட்டது என்றாள். உங்கள் பெயரைப் போட்டது இரக்கப்பட்டு இல்லை, வேலை செய்தவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பங்கு என்று அந்தப் படிவத்தில் எழுதியதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

உறுதிசெய்துவிட்டேன். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது. செண்பகவடிவு, உலகம்மாள், தேவசகாயம். வயிறு எரியவில்லை என்று எழுதினால் அது பொய். எரிகிறது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

கட்டுரை ஏற்கப்பட்டது. வடிவு டிசம்பருக்குள் சமர்ப்பித்துவிடுவாள். அவள் அம்மா மறுபடி அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார், இந்தத் தடவை எனக்கென்று தனி டப்பாவில். வீட்டில் அவர் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, உன் கட்டுரை என்னாச்சு என்றார்.

மேஜையைத் திறந்து நத்தைக் கட்டுரையை எடுத்தேன். இரண்டு ஜர்னல்கள் என்ன சொல்லித் திருப்பின என்று மறுபடி படித்தேன். அப்போது ஆத்திரத்தில் பாதிக்கு மேல் படிக்கவில்லை. தரவு போதாது, ஆசிரியர் தன் தரவின் வரம்பை உணர்ந்ததாகத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. நானும் நாலு தடவை படித்துவிட்டேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது.

எனக்கு வேண்டியது நான் அவளுக்குச் செய்ததுபோல எனக்குச் செய்ய ஒரு ஆள்.

அக்டோபர் 13, திங்கள்

கட்டுரையை வடிவிடம் கொடுத்தேன். எல்லா எண்ணையும் கூட்டிப் பார், படங்களைத் திருப்பித் திருப்பிப் பார், அக்கா என்று கொஞ்சம்கூட இரக்கம் பார்க்காதே, குறைகளைப் பட்டியல் போட்டுக் கொண்டுவா என்றேன். கடைசிப் பத்தியை நீயே எழுது என்றும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் தருகிறீர்களே அக்கா என்று தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வடிவு கட்டுரையைத் திருப்பித் தந்தாள். மூன்று முறை படித்தாளாம். எண்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாளாம்.

"ரொம்ப நல்லாருக்குக்கா. நானும் எவ்வளவோ தேடிப் பாத்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியல."

அவள் போன பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இரண்டு இடத்தில் கால்புள்ளி வைத்திருக்கிறாள். ஓரிடத்தில் பென்சிலால் சின்னதாக, அருமை என்று எழுதியிருக்கிறாள். வேறொன்றும் இல்லை. மனசார, கண்ணை அகல விரித்து, முழுசாகப் படித்திருக்கிறாள் என்று தெரிகிறது. அப்படியும் அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

இந்தப் பெண்ணுக்கு என் மேல் துளிகூடப் பொறாமை இல்லை.